துணியோடு விழுகிறவர்கள்

ஒரு வியாழக்கிழமை மாலை நீச்சல் பள்ளியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும்போது முழுக்கால்சட்டை, மேல்சட்டை, ஷூ மூன்றையும் கொடுத்தனுப்பவும், அவற்றைப் போட்டுக்கொண்டுதான் அன்றைக்குத் தண்ணீரில் இறங்குவார்கள் என்று இருந்தது. என் டச்சு அரைகுறை. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. எனக்கு வந்ததே கோபம்! எட்டு மாதம் முன்பு, முதல் வகுப்பன்று, என் மகள் பூரணியை லெகின்ஸும் டீ-ஷர்ட்டும் போட்டு அனுப்பினேன். ஏழு வயசுப் பெண் பிள்ளை, பத்துப் பேர் முன்னால் அரைகுறை உடுப்போடு நிற்க வேண்டாமே என்ற நம்ம ஊர் புத்திதான். யூஃப், டீச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், வாசல் வரை பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வந்து, இதெல்லாம் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கக் கூடாது, சுத்தம் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் பார்த்தார்கள். இப்போது அதே யூஃப் ஷூவோடு இறங்கச் சொல்கிறாள். என்னை வைத்து விளையாடுகிறார்களா இவர்கள்?

சனிக்கிழமை நேராகவே போய்க் கேட்டுவிட்டேன். யூஃப் சிரித்தாள். இந்த நாட்டில் திரும்பின பக்கமெல்லாம் வாய்க்கால். எங்கள் வீட்டு வாசலில் நாலு எட்டு வைத்தால் தண்ணீர். கைப்பிடிச் சுவரும் கிடையாது, கம்பி வேலியும் கிடையாது. சைக்கிளில் போகும் பிள்ளை வழுக்கி விழுந்தால் எப்படி விழும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். "நீச்சல் உடையில் யாரும் விழுவதில்லை, அம்மணி. குளிர்காலக் கோட்டோடுதான் விழுகிறார்கள். அதனால் கோட்டோடு நீந்தத் தெரிய வேண்டும்." இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஆரணியில், என் அம்மா வாயால்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா தண்ணீர் சேந்தப் போய்க் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். கிணற்றைச் சுற்றிப் பதினைந்து பெண்கள் நின்று கத்தினார்களாம், ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. அம்மாவும் அந்தப் பதினைந்தில் ஒருத்தி. அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு என்னைத் தேவிகாபுரம் ரோட்டில் இருந்த மாமா கழனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பம்புசெட் கிணறு, இறங்குவதற்குக் கல் படி. மாமா பையன்கள் முதுகில் எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு ஜட்டியோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். என்னை மட்டும் அம்மா பாவாடை சட்டையோடு இறக்கினாள். பாவாடை தண்ணீரில் உப்பிக்கொண்டு மேலே வந்து மூஞ்சியை மூடியது. கழட்டிவிட்டு ஷிம்மீஸோடு இறங்குகிறேனே என்று அழுதேன். "விழறவ துணிய அவுத்து மடிச்சி வெச்சிட்டா விழுவா? பொடவயோட தானடி வுழுந்தா அவ! அப்டியே கத்துக்கோ!" என்றாள் அம்மா. ஆரணியில் பட்டுத்தறிக்குப் பாவு நூல் பிணைத்துக் கூலி வாங்கும் என் அம்மாவும், இந்த ஊர் நீச்சல் டீச்சரும் ஒரே பாடத்தை எங்கே போய்ப் படித்தார்களோ!

இதில் வேடிக்கை என்னவென்றால் அம்மாவுக்கே நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் பயந்து சாவாள். அவள் செய்ததெல்லாம் தன் பழைய நூல் புடவையை முறுக்கி என் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு படியில் நின்றதுதான். பட்டு இழையை முறுக்கி முறுக்கிப் பழகிய விரல், அவள் போட்ட முடிச்சு தண்ணீரில் நனைந்தாலும் இம்மி நகராது. "கால அடிடி! நான் புட்சிகினு தான கீறேன்!" இது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த பாடம். பத்து நாள் அடித்தேன். பதினோராம் நாள் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், புடவை எனக்குப் பின்னால் தண்ணீரில் நீளமாக மிதந்து வருகிறது, அம்மா கை இரண்டையும் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. "சொல்லிட்டு உட்டா நீ நீஞ்சுவியாக்கும்?" என்றாள், அவ்வளவுதான்.

அப்புறம் நான் மீன் மாதிரி நீந்தினேன். மாமா பையன்களை முந்தினேன். கிணற்றின் அடித்தரையில் போட்ட செங்கல்லை முங்கி எடுத்து வந்தேன். பன்னிரண்டரை வயசில் பெரியவளானேன். அடுத்த கோடையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினபோது, இறங்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்த அதே அம்மா, "போதும்டி, ஏறு மேல" என்றாள். ஏறிவிட்டேன். அதோடு சரி. இருபத்து மூன்று வருஷம் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் படவில்லை, குளியலறை பக்கெட் தவிர.

பூரணியின் கதைக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏ டிப்ளமா என்று ஒன்று உண்டு. அது இருந்தால்தான் குளத்துக்குத் தனியாகப் போகலாம், ஆழத்தில் இறங்கலாம். அதை வாங்க வேண்டுமென்றால், தண்ணீருக்குள் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கும் நீலத் தார்ப்பாயில் ஒரு ஓட்டை இருக்கும், முங்கிப் போய் அந்த ஓட்டைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். என் பெண் கழுத்து வரை நன்றாக நீந்துவாள். தலையை மட்டும் உள்ளே விடமாட்டாள். தார்ப்பாய் அருகே போனதும் நின்றுவிடுவாள். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் டிப்ளமா வாங்கிப் போய்விட்டார்கள். ஐந்து வயசுப் பொடிசுகளுக்கு நடுவில் இவள் மட்டும் ஒட்டகம் மாதிரி நின்றாள். அந்தச் சமயத்தில்தான் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் அழைப்பு வந்தது. விழா நீச்சல் குளத்தில், ஏ டிப்ளமா உள்ள பிள்ளைகள் மட்டும் வரலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பூரணி அதை நாலாக மடித்துப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டாள். போகாத விழாவின் அழைப்பு ரொம்ப நாள் அந்தப் பெட்டியிலேயே கிடந்தது. நான் இங்கே தனியாக இருப்பது போதாதா, இவளுமா?

வகுப்பு நடக்கும்போது பெற்றவர்களுக்குக் குளத்தருகே அனுமதி இல்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு காபிக்கடை, அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளை அழுதால் வாய் திறப்பது தெரியும், சத்தம் கேட்காது. என் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமையும் ஷிப்டு. கண்ணமங்கலத்துக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "பயம் தானா பூடும், நீ சும்மா பேஜார் ஆவாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் மட்டும் அங்கே போய், ஒரு காபியை முக்கால் மணி நேரம் குடிப்பேன். மற்ற அம்மாக்கள் ஒரே மேசையில் கூடிப் பேசுவார்கள். ஒரு வாரம் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, வீட்டில் சுட்ட முறுக்கை டப்பாவில் கொண்டு போய் நீட்டினேன். ஆளுக்கு ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

"யாருக்குப் பிறந்தநாள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"யாருக்கும் இல்லை."

அவர்களுக்குப் புரியவில்லை. ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, இன்னொருத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி "ஹெஃபெலிசிடேர்ட்!" என்று வாழ்த்தினாள். நானும் நன்றி சொல்லிவிட்டு என் மேசைக்கே திரும்பிவிட்டேன். மிச்ச முறுக்கை நானே தின்று தீர்த்தேன்.

யூஃபுக்குப் பொறுமை உண்டு, எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். நான் இந்த நாட்டுக்குக் கிளம்பும்போது, இட்லித் தட்டு நசுங்காமல் இருக்க அம்மா தன் புடவையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்திருந்தாள்; ஒரு ஞாயிறு அந்தத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பேன்ட்டை முட்டி வரை சுருட்டி, நீல பிளாஸ்டிக் உறையைக் காலில் மாட்டி, கரையில் நின்று, துண்டைப் பூரணியின் இடுப்பில் கட்டினேன். அம்மா போட்ட அதே முடிச்சு. "முங்குடி, அம்மா புடிச்சிகினு தான கீறேன்" என்றேன். வாயில் ஆரணி தானாக வந்தது. அவள் மூச்சை இழுத்து ஒருமுறை கண்ணை மூடினாள், அவ்வளவுதான், விசில் சத்தம் காதைப் பிளந்தது. காவலுக்கு நின்ற இளைஞன் ஓடி வந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். முடியவில்லை. குளம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

"குழந்தையைக் கயிற்றில் கட்டக் கூடாது. கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும்?" என்றான்.

"நான் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியும்" என்றேன்.

அவன் என் சுருட்டிய பேன்ட்டையும் பிளாஸ்டிக் உறையையும் ஒருமுறை பார்த்தான். கேலியில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். "தெரியும் என்றால் ஏன் வெளியே நிற்கிறீர்கள்?"

குனிந்து முடிச்சை நானே அவிழ்த்தேன். வெட்கம், கோபம், இன்னதென்று தெரியாத ஒரு அழுகை. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது பூரணி, "அம்மா, இனிமே நீ வராத" என்றாள். அப்பாவை அனுப்பு என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் நான் காபிக்கடைக்குள் போகாமல் வாசலிலேயே மழையில் நின்றேன்.

ஏன் வெளியே நிற்கிறேன்? பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது அந்தப் பையன் கேட்டது திரும்பத் திரும்ப வந்தது. அவன் கேட்டது குளத்தைப் பற்றி மட்டும்தான். எனக்குத்தான் மொத்தத்துக்கும் சேர்த்துக் கேட்டது போல உறுத்தியது. ஆறு வருஷமாக எல்லாவற்றுக்கும் கரையில்தான் நிற்கிறேன். யாரும் என்னை ஏறு மேலே என்று சொல்லவில்லை. நானாகவே எப்போதோ கேட்ட ஒரு வார்த்தைக்கு இன்னும் கட்டுப்பட்டு நின்றுகொண்டிருக்கிறேன். கடைக்குப் போய் முழங்கால் வரை வரும் கறுப்பு நீச்சல் உடை ஒன்றை வாங்கினேன். அடுத்த ஞாயிறு, கெஞ்சிக் கூத்தாடிப் பூரணியைக் கூட்டிப் போனேன். உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, எனக்குக் குளிருது" என்று அவள் கதவைத் தட்டின பிறகுதான் வெளியே வந்தேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. உண்மையாகவே ஒருவர்கூடத் திரும்பவில்லை. இறங்கினேன். குளோரின் நாற்றம், வெந்நீர் மாதிரித் தண்ணீர், கிணற்றின் ஜில்லிப்பு எங்கே இது எங்கே! ஆனால் காலைத் தூக்கினதும் உடம்பு தானாகப் படுத்துக்கொண்டது. எதிர்ச் சுவர் வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பூரணி கம்பியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள்.

"அம்மா, உனக்கு நிஜமாவே நீஞ்சத் தெரியுமா?"

அன்றைக்குக் காவல்காரப் பையனிடம் சொன்னதைச் சும்மா சொன்னதென்று நினைத்திருப்பாள், அவளிடம் நான் சொன்னதே இல்லை. அரிசி மாவு எந்தக் கடையில் நல்லது என்பது வரை சொல்லியிருக்கிறேன், இதைச் சொல்லவில்லை. கிணறு, செங்கல், மாமா பையன்கள் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு முங்கித் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். மேலே அவள் கால்கள் தெரிந்தன. ரொம்ப நேரம் வரவில்லையே என்று பயந்தாளோ என்னவோ, அம்மா என்ன ஆனாள் என்று பார்க்க என் பெண் முதல்முறையாக மூஞ்சியைத் தண்ணீருக்குள் விட்டாள். நான் கண்ணை உருட்டி அழகு காட்டினேன். குமிழி குமிழியாகச் சிரித்தாள். அதற்கப்புறம் ஆறு ஞாயிறு. என் கால்களுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து போனாள்.

தேர்வு நாளன்று மட்டும் பெற்றவர்களைக் குளத்தருகே விடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கும் வேலை. மற்றப் பிள்ளைகளுக்குத் தாத்தா, பாட்டி, அத்தை என்று வரிசையாக நாற்காலி. பூரணிக்கு நான் ஒருத்தி. மனசு கேட்காமல் வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். ஆரணியில் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். முதலில் துணிப் பகுதி. பூரணி ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, ஷூவோடு தொப்பென்று குதித்தாள். "அப்டித்தான்! துணியோட தான் கத்துக்கணும்!" என்று அம்மா போனுக்குள்ளிருந்து கத்தினாள். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். பிறகு ஈரத்துணியைக் கழட்டிவிட்டுத் தார்ப்பாய்க்கு வரிசையில் நின்றாள்.

"கயிறு எங்கடி?" என்றாள் அம்மா.

"இங்க கயிறு இல்லமா."

"அப்போ யாரு புட்சிகினு கீறாங்க?"

"யாரும் இல்லமா."

அம்மா போனை முகத்தருகே இழுத்துக்கொண்டாள், திரை முழுக்க அவள் கண்ணாடிதான் தெரிந்தது. பூரணி என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குதித்தாள். தலை உள்ளே போனது. நான் மூச்சு விடவில்லை, அங்கே அம்மாவும் விட்டிருக்கமாட்டாள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் தலை வெளியே வந்தபோது என் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் இந்த நாட்டில் அதுவரை போட்டதில்லை.

கரையேறி ஓடி வந்தவளைப் பையிலிருந்த துண்டால் போர்த்தித் தலையைத் துவட்டினேன். "அது என் பொடவ தான?" என்றாள் அம்மா, "ஊதாக் கரை, எனக்குத் தெரியாதா?" ஆமாம் என்று சொல்வதற்குள் அந்தப் பக்கமிருந்து யூஃப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், டிப்ளமா கொடுக்கிறார்கள். பூரணி டச்சில் ஏதோ கத்திக்கொண்டு விலுக்கென்று திரும்பினாள். துண்டின் ஒரு முனை அவள் தோளில், மறுமுனை என் கையில் இறுகியிருந்தது. ஒரு நிமிஷம் இழுபட்டது. அவளிடம் சொல்லாமலே விட்டேன். ஊதாக் கரை ஈரத் தரையில் புரள அவள் ஓடிப் போய் அந்தப் பிள்ளைகளோடு நின்றுகொண்டாள்.

"உட்டுட்டியா?" என்றாள் அம்மா.

"உட்டுட்டேன்மா" என்றேன். ஒரு கையில் போனுக்குள் அவள் முகம் இருந்தது. இன்னொரு கை ஈரமாக, விரல்கள் இன்னும் மடங்கினபடி, வெறுமனே இருந்தது.