பனிக்குள் நித்திரை கொண்ட மகள்

2006ஆம் ஆண்டின் தொடக்கம் அது. ஒஸ்லோவில் அம்மருட் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதலாம் மாடியில் குடியிருந்தோம். நான் பஸ் ஓட்டுநர். மனைவி தாதிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தாள். மகளுக்குப் பத்து மாதம். நோர்வேயில் பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கும் லீவு உண்டு. எங்கள் ஆட்களில் சிலர் அந்த லீவில் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பார்கள், சிலர் ஊருக்குப் போய் வருவார்கள். நான் மகளைப் பார்ப்பதற்காகவே எடுத்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கதை முடியும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வயிற்றில் இருந்தபோது மனைவி படிப்பை ஒருமுறை இடையில் நிறுத்தியிருந்தாள். திரும்பத் தொடங்குவதற்கு அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் பயிற்சி தொடங்கிய முதல்நாள் காலை, சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “சும்மா சும்மா போன் எடுத்து என்னைக் கூப்பிடாதேங்கோ. நீங்கள் கூப்பிட்டால் நான் ஓடி வந்திடுவன். வந்தனெண்டால் பிறகு போகமாட்டன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளையை என்னால் சமாளிக்க முடியாவிட்டால் அவள் படிப்பு அத்தோடு முடிந்தது என்பது எனக்கு விளங்கியது. கூப்பிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுப்பது சுலபம். மகளுக்கு நான் யார்? விடியற்காலையில் போய், அவள் தூங்கியபிறகு வருகிற மீசைக்காரன். அம்மா போனதும் கதவைப் பார்த்து அழுதாள். தூக்கினால் என் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தாள். பகலில் நித்திரையே இல்லை. எனக்குத் தாலாட்டும் வராது. நான் ஓட்டும் வழியில் உள்ள தரிப்பிடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக இராகம் போட்டுப் பாடினேன். கடைசித் தரிப்பிடம் வந்தும் அவள் இறங்கவில்லை. ஒருநாள் இரண்டுபேரும் சேர்ந்தே அழுதோம். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

சுகாதார நிலையத்துத் தாதியிடம் மகளை நிறை பார்க்கக் கொண்டுபோனபோது இதைச் சொன்னேன். “வெளியே படுக்கவிடுங்கள்” என்றார் அவர், தண்ணீர் கொடுங்கள் என்பதுபோல. நோர்வேக்காரர்கள் அப்படித்தான். உறைபனியிலும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வெளியே விட்டுவிட்டு உள்ளே இருந்து கோப்பி குடிப்பார்கள். பஸ் ஓட்டும்போது எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவர்களின் பிள்ளைகள் அவர்களைப்போல, நமக்கேன் என்று போயிருக்கிறேன். என் பிள்ளையையும் அப்படி விடுவது என்றால் வேறு கதையல்லவா? தலைமுழுகிய ஈரத்தோடு வாசலுக்கு வந்தாலே ஏச்சு வாங்கி வளர்ந்தவன் நான்.

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. முதல்நாள் வீட்டில் இருந்த உடுப்பெல்லாவற்றையும் அவளுக்குப் போட்டேன். கம்பளி, அதன்மேல் கம்பளி, குரங்குத் தொப்பி, என்னுடைய சால்வை வேறு. சிறிது நேரத்திலேயே வீறிட்டு அழுதாள். தூக்கிப் பார்த்தால் வியர்த்து நனைந்திருந்தாள். பனிக்குள் வைத்துப் பிள்ளையை அவித்த முதல் அப்பா நானாகத்தான் இருப்பேன். தாதியிடம் மறுபடி போனேன். அவர் சிரிக்காமல் சொல்லித் தந்தார். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, கீழே செம்மறித் தோல், மேலே தூக்கப் பை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்தைத் தாண்டினால் வெளியே விடக்கூடாது. கை, மூக்குக் குளிராக இருந்தால் பயப்படத் தேவையில்லை. பிடரியைத் தொட்டுப் பார்க்கவேண்டும், அது சூடாக இருந்தால் பிள்ளை சுகமாக இருக்கிறது.

அடுத்தநாள் மகள் தூங்கினாள். என்ன தூக்கம்! நான் சமைத்து, உடுப்புக் காயவைத்து, யன்னலால் எட்டிப் பார்த்து, கீழே ஓடிப் பிடரியைத் தொட்டு, திரும்பி வந்து தேநீரும் குடித்து முடித்தேன், அவள் எழும்பவில்லை. எழும்பியபோது கன்னம் இரண்டும் சிவந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதன்பிறகு நான் பிடித்த பிடி விடவில்லை. மெட்ரோ நிலையத்தடியில் நிற்கும் நண்பர்கள் கிண்டல் பண்ணினார்கள். “என்ன அண்ணை, பஸ்ஸை விட்டிட்டு வண்டில் தள்ளத் தொடங்கிட்டியள்?” என்றான் ஒருவன். “ஓமடா, இதுக்கும் டிக்கெட் வேணும், ஏறுறியே?” என்றேன். உள்ளுக்குள் எனக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

இனித்தான் அந்த நாள். நல்ல வெயில், அளவான குளிர், முற்றமெல்லாம் பனி. வழக்கம்போல எங்கள் வாசலடியில், பல்கனிக்குக் கீழே வண்டியை நிறுத்தி, பூனை ஏறாமல் வலையை மாட்டினேன். மகளின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. அது மட்டும் நோர்வே முறையில் இல்லை. தலைமாட்டில் பேபிகோல் பெட்டி ஒன்றை வைத்தேன். பிள்ளை அசைந்தாலும் மேலே சமையலறையில் இருக்கும் மற்றப் பெட்டியில் கேட்கும். சிறிய வானொலிதான்.

பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“அய்யோ… யார் பெத்த புள்ளையோ. இந்தப் பனியில இப்படிப் போட்டுட்டுப் போயிருக்காங்களே…”

நான் திடுக்கிடவில்லை என்றால் நம்புவீர்களா? இந்தியத் தமிழ். அந்த நாட்களில் எங்களுக்கு இந்தியத் தமிழ் என்றால் தொலைக்காட்சித் தொடர்தான். எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகள் சில, எல்லாப் பல்கனியிலும் டிஷ். யாரோ வீட்டில் ஓடுகிற தொடர் இந்தப் பெட்டிக்குள் இழுபடுகிறது என்று நினைத்தேன். நல்ல அழுகைக்காட்சிபோல இருந்தது. வெங்காயக் கண்ணீரோடு அடுத்த வசனத்துக்குக் காத்துநின்றேன் என்பதுதான் உண்மை.

அடுத்த வசனம் வந்தது. “மூக்கெல்லாம் செவந்து போச்சே சாமி. கன்னத்துல பொட்டு வேற… நம்ம புள்ளதான்.”

அது தொடர் இல்லை, என் மகளின் பொட்டு என்று எனக்கு உறைக்கும்போது பெட்டியில் சத்தமே நின்றுவிட்டிருந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். யன்னலுக்குக்கூடப் போகவில்லை. காலில் காலுறை மட்டும். படிகளில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியாது.

வண்டி நின்றது. வலை திறந்து கிடந்தது. தூக்கப் பைக்குள் மகள் இல்லை. செம்மறித் தோலில் கைவைத்தேன், சூடு இன்னும் இருந்தது. மனைவியின் முகம்தான் முன்னால் வந்தது. இதை எந்த வாயால் சொல்வேன்? படிப்பு, வாக்கு எல்லாம் அந்த நொடியில் ஒன்றுமில்லாமல் போயின. பிள்ளை வேண்டும். அது மட்டும்தான்.

பனியில் புதிய காலடிகள் தெரிந்தன. சிறிய, தட்டையான சப்பாத்து. குளிர்காலத்துச் சப்பாத்து இல்லை. ஓரிடத்தில் நீளமாகச் சறுக்கிய தடம்கூட இருந்தது. அவை எங்கள் கட்டடத்தின் அடுத்த வாசலுக்குப் போயின. ஓடினேன்.

கதவுக்கு உள்ளே, படிக்கட்டில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். சுடிதார், மேலே கணவனின் ஜாக்கெட்டாக இருக்கவேண்டும், அவ்வளவு பெரியது. வயிறு நன்றாகத் தெரிந்தது; ஏழாவது மாதம் என்று பிறகுதான் சொன்னார். அந்த ஜாக்கெட்டுக்குள் என் மகளை வைத்து, மேலே ஷாலையும் சுற்றி, ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். மகள் அவருடைய வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையைத் தாங்கோ!” என்றேன். கோபமும் ஆறுதலும் கலந்து, என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

அவர் தரவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டினார். “நீங்க மலையாளியா? இது தமிழ்ப் புள்ள. யாரு நீங்க?”

எங்கள் தமிழை மலையாளம் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்று வலித்ததுபோல ஒருநாளும் வலித்ததில்லை. “நான் தமிழன்தான் தங்கச்சி. யாழ்ப்பாணம். அது என்ரை மகள்” என்றேன்.

“அப்பாவா? பெத்த புள்ளைய பனியில போட்டுட்டு எங்க போனீங்க? எப்படி நம்பறது? புள்ளைய எடுத்துட்டுப் போக யார் வேணாலும் அப்பான்னு சொல்லலாம்ல?”

வெங்காயக் கை, ஈரக் காலுறை, மூச்சிரைப்பு. என்னைப் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? சட்டைப் பையில் அடையாள அட்டையும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மகளைப் பார்த்து நான் ஓட்டும் வழியின் முதல் தரிப்பிடத்தின் பெயரைப் பாடினேன். பிறகு இரண்டாவது.

மகள் வளையலை விட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டி, அந்தப் பெண்ணின் பிடியிலிருந்து என் பக்கம் பாய்ந்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக, கதவைப் பார்க்காமல், அம்மாவைத் தேடாமல், என்னிடம் பாய்ந்தாள். பிடித்துக்கொண்டேன். என் மீசையை இழுத்தாள். வலித்தது. இழுக்கட்டும் என்று நின்றேன்.

அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. உடனே வேறு பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் பிறத்தியார் பிள்ளையைத் தொட்டால் போலீஸ் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். குப்பை போட வந்தவர் வண்டியைக் கண்டு, சுற்றிலும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவரும் இல்லை. எந்த மணியை அடிப்பது என்றும் தெரியவில்லை. கணினி வேலைக்கு வந்த கணவனோடு அவர் ஒஸ்லோவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. “மனசு கேக்கலண்ணா” என்றார்.

“உங்கடை கையை இஞ்சை வைச்சுப் பாருங்கோ” என்று மகளின் பிடரியைக் காட்டினேன். தயங்கித் தொட்டார். மகள் சிலிர்த்துக் கழுத்தைச் சுருக்கினாள், ஏனென்றால் அந்தக் கைதான் பனிக்கட்டியாக இருந்தது. பிள்ளை அடுப்படிபோலச் சூடாக இருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை. அப்போதுதான் அவருடைய கால்களைக் கவனித்தேன். துணிச் சப்பாத்து, முழுக்க நனைந்திருந்தது. அந்தச் சப்பாத்தோடு, அந்த வயிற்றோடு, உறைந்த முற்றத்தில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். சறுக்கிய தடம் கண்முன் வந்தது. என் கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.

வீட்டுக்குள் வர அவர் கூச்சப்பட்டார். வாசலில் நிற்கவைத்து, மனைவியின் பழைய குளிர்காலச் சப்பாத்தையும் கம்பளிக் காலுறையையும் எடுத்துக்கொடுத்தேன். பருப்பு அதற்குள் அடிப்பிடித்துப்போயிருந்தது.

மாலை மனைவி வந்தாள். சொல்லாமல் விடலாம் என்றுகூட நினைத்தேன். சொன்னால் நாளைக்குப் போகமாட்டாள் என்று பயம். ஆனாலும் சொன்னேன், வண்டி வெறுமையாக இருந்ததையும் ஒளிக்காமல். மகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவள் கேட்டது இதைத்தான்: “அந்தப் பொம்பிளைப் பிள்ளை விழேல்லைத்தானே? வயித்திலை அடிபடேல்லையே?”

பிறகு எழுந்து சூப் வைத்து, அதை ஒரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். போனவள் வர நேரமாயிற்று. வந்தவள் அந்தப் பெண்ணைப் பற்றிப் பத்து வருடப் பழக்கம்போலக் கதைத்தாள். மறுநாள் காலை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நேரத்துக்குப் பயிற்சிக்குப் போனாள். “மகளை எத்தனை மணிக்கு வெளியிலை விடுவியள்?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த குளிர்காலம் எங்கள் பல்கனிக்குக் கீழே இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டாவதில் அந்தப் பெண்ணின் மகன், கன்னத்தில் எங்கள் வீட்டுப் பொட்டைவிடப் பெரிய பொட்டு. முதல் நாள் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவன் தூங்கிய பிறகும் பிடரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே அவனை எழுப்பிவிட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். சில வருடங்களில் அவர்கள் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அந்தச் சப்பாத்தைக் கழுவித் துடைத்து, உள்ளே கடதாசி திணித்து, திருப்பித் தந்துவிட்டுத்தான் போனார்.

மனைவி படிப்பை முடித்துத் தாதியானாள். பட்டம் வாங்கிய நாளில் முன்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவன் நான். மகள் இப்போது என்னைவிட உயரம். மார்கழிக் குளிரிலும் யன்னலைத் திறந்துவிட்டுத்தான் தூங்குவாள். நாங்கள் இரண்டுபேரும் அடுத்த அறையில் நடுங்குவோம்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லையா என்கிறார்கள். என் மகள் என்னிடம் பாய்ந்ததை நினைத்தால் எவ்வளவு பெருமையோ, தனக்கு யாரென்றே தெரியாத என் பிள்ளையை எனக்கே தர மறுத்த ஒருத்தி அன்று அந்த முற்றத்தால் வந்தாள் என்பதை நினைத்தாலும் எனக்கு அவ்வளவு பெருமைதான்.