அட்ரோபின் பெட்டி

கடுகளவு சுருங்கிப்போன அந்தக் கண்மணிகளை முதலில் பார்த்தது நான்தான். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 1991. ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ்; மருந்து அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். வடக்குப்பட்டிலிருந்து ஒருவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. “குடிச்சிருக்கான்” என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன்.

“அவரு குடிக்கவே மாட்டாரு சார், கழனில வுழுந்து கெடந்தாரு” என்று மனைவி கதறினாள்.

எங்களிடம் சேர்ந்து ஐந்து மாதமே ஆன சின்ன சிஸ்டர் குனிந்து அவர் சட்டையை முகர்ந்தாள்; இமையை விலக்கிப் பார்த்தாள். “பூச்சி மருந்து சார். கண்ணு கடுகாட்டம் சுருங்கிட்டுது.” டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. “அட்ரோபின் போடும்மா” என்றார் அவளிடம். நோயாளிகளும் ஏற்கெனவே அவள் கையால்தான் ஊசி போடச் சொல்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நரம்பு ஒரு ரசாயனத்தை அனுப்பித்தான் சுரப்பிகளுக்குக் கட்டளையிடுகிறது. வேலை முடிந்ததும் அது அழிய வேண்டும். பூச்சி மருந்து அதை அழியவிடாது. எச்சிலும் சளியும் ஊறி ஊறி, மூச்சுக்குழல் நிரம்பி ஆள் மூழ்கிப்போவான். கட்டளையை வாங்கும் இடத்தில் போய் அடைத்து உட்காருவது அட்ரோபின். நெஞ்சு காயும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் நானும் படித்ததுதான்.

அவள் சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவிவிட்டு, ஊசி மேல் ஊசியாகப் போட்டாள். அரை மணியில் மருந்து தீர்ந்தது. “இன்னும் மருந்து இருக்குதா அக்கா?” என்று கேட்டாள். என் அலமாரியில் அந்த வாரம் வந்த புதுப் பெட்டி இருந்தது. நான் பேசவில்லை. ஒரே ஒரு முறை இவள் தோற்கட்டுமே என்று நினைத்தேன். அவர் நெஞ்சு களகளவென்று சத்தம் போட்டது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகுதான் ஓடினேன்.

அவர் பிழைத்தார். “நாக்கு ஒட்டுது, தண்ணி குடு” என்று உளறியதைக் கேட்டு அவர் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். மறுவாரம் ஒரு பை கத்திரிக்காயோடு வந்து சின்ன சிஸ்டரைக் கும்பிட்டார்கள். அவள் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“அக்கா ஓடிப் போயி பெட்டிய எடுத்தாரலன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்?”

அதுவரை அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், அன்றிலிருந்து அவள் நம்பிய அந்த அக்காவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.