கம்பம்மெட்டு ஜீப்பின் முன்சீட்டு

வியாழக்கிழமை மாலை 4.10. தேனி பேருந்து நிலையத்திலிருந்து கம்பம் வண்டி கிளம்பியது. நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். ஜன்னலோர இடம் எனக்குக் கிடைத்தது. அதில் எனக்கு அற்ப சந்தோஷம், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தனலட்சுமி.

பெண்களும் குழந்தைகளும் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போவதால் வரும் சிக்கல்களைப் பற்றி, தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு நடத்தியது. சனிக்கிழமைதோறும் வகுப்பு. நான் ஜெயமங்கலத்துக்காரி, முப்பத்தாறு வயது, எம்.ஏ. கூடப் படித்த தனலட்சுமிக்கு இருபத்திரண்டு. படிப்பு முடிந்ததும் ஒரே ஒருவரைக் களப்பணியாளராக வேலைக்கு எடுப்பதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். பத்து வருடம் அடுப்படியிலேயே கழித்தவளுக்கு இன்னொரு வாய்ப்பு எங்கிருந்து வரும்?

ஆனால் வகுப்பில் எதைப் பேசினாலும் பேராசிரியை கடைசியில், "தனலட்சுமி, நீ சொல்லும்மா" என்பார். அவளுடைய அம்மா முத்தம்மாள் தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டு மாலையில் திரும்புகிறவர். நான் நூலகத்தில் தூசி தட்டி எடுத்த குறிப்புகளெல்லாம் அவள் சோற்றுத் தட்டின் முன்னால் கேட்டு வளர்ந்த பேச்சு. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? முத்தம்மாள் போகும் தோட்டத்துக் களப்பணிக்கு எங்கள் இருவரையும் ஜோடி போட்டதும் பேராசிரியைதான்.

உத்தமபாளையம் தாண்டித் திராட்சைப் பந்தல்கள் வந்தன. கண்டக்டர்கூட அவளைத்தான் நலம் விசாரித்தார்.

மாலை 5.30. கம்பத்தில் அவள் வீடு. "வாங்க டீச்சர், பஸ்ஸுல எடம் கெடச்சிச்சா?" என்று முத்தம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். நான் டீச்சர் இல்லை, ஒரு காலத்தில் இருந்தேன். மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

வெள்ளி, விடியற்காலை 5.20. ஐப்பசித் தூறல். தெருமுனையில் ஜீப் நின்றது. பெண்கள் தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் சாக்குமாக வந்துகொண்டிருந்தார்கள். தனலட்சுமி பின்பக்கம் போய் அவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்காவது இவளுக்கு முன்னால் நான் நிற்கிறேன் என்று விறுவிறுவென்று போய், டிரைவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"அக்கா, அங்கன..." என்று இழுத்த டிரைவர் என் மடியிலிருந்த கல்லூரிப் பையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும் நேரத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடிவந்தாள். முன்சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையைப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தாள். யாரையோ வழியனுப்ப வந்தவள் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டுக்கு மலைப்பாதையில் பதின்மூன்று கிலோமீட்டர். பின்னால் பதினாறு பேர் ஒருவர் மடியில் ஒருவராக நசுங்கி வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஐயோ ஆத்தா என்று சத்தம் வரும், பிறகு சிரிப்பு வரும். தனலட்சுமியின் குரலும் அதற்குள் கேட்டது. எனக்கு நல்ல சீட்டு, அவளுக்கு நல்ல துணை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பகல் 12.30, வண்டன்மேட்டுக்கு அருகே ஒரு தோட்டம். அட்டைக்கடிக்குக் காலெல்லாம் மூக்குப்பொடி தடவிய பெண்கள் ஏலச்செடிகளின் நடுவே சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் கேள்வித்தாளை விரித்தேன். "கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் வேலைக்கு வருவதற்கு ஏதாவது வசதி இருக்கிறதா?"

முத்தம்மாள் தன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ராசாத்தி என்ற பெண் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வசதி இருக்கு டீச்சர். காலையில நீங்க அது மேலதான் உக்காந்து வந்தீக."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளே விளக்கினாள். "பின்னாடி நசுக்குல பச்சப்புள்ள தாங்காது. அதான், எங்க ஜீப்புல யாருக்குக் கைப்புள்ள இருக்கோ அவளுக்கு அந்த முன்சீட்டு, புள்ள நடக்குற வரைக்கும். போன வருசம் எனக்கு. இப்பப் பாண்டியம்மாளுக்கு, காலையில புள்ளையோட திரும்பிப் போனாளே அவளுக்கு. தோட்டத்து முதலாளி வந்தாலும் பின்னாடிதான்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"விருந்தாளிய எந்திரிங்கன்னு எப்பிடிச் சொல்றது?"

தனலட்சுமியைப் பார்த்தேன். "நான் பின்னால இருந்தேன்க்கா, பாக்கல. ரிப்போர்ட்டுல இதை எழுதாதீங்க, உங்களுக்குக் கொறையாப் போயிரும்" என்றாள் மெதுவாக. அவள் என்மேல் இரக்கப்பட்டதுதான் எனக்கு அட்டைக்கடியைவிடக் கடுத்தது.

சனி, காலை 5.15. களப்பணி வாரம் என்பதால் அன்றைக்கு வகுப்பு இல்லை. பாண்டியம்மாள் வருவதற்கு முன்பே தெருமுனையில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டதும் அவள் கூச்சத்தோடு, "அதுக்கென்ன டீச்சர், புள்ளைக்கும் எனக்கும் ஒரு நா ஓய்வு" என்றாள். ஒரு நாள் கூலி போனதைச் சொல்லவே இல்லை. குழந்தையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. அதற்குள் நாலு கைகள் தனலட்சுமியை உள்ளே இழுத்துவிட்டன. ஜீப் போய்விட்டது.

காலை 7.00, தேனி வண்டி. தேவதானப்பட்டியில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளி நினைவுக்கு வந்தது. மகள் பிறந்து மூன்றாம் மாதம் திரும்பிப் போனேன். ஆசிரியர் அறையில் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். "உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சு" என்றார் தலைமையாசிரியை. கூட வேலை பார்த்த ஒருத்தியும் தலைநிமிரவில்லை. வீட்டிலும் யாரும் ஏனென்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முன்சீட்டில் உட்கார்ந்ததை மறைக்காமல் அறிக்கையில் எழுதினேன். பேராசிரியை நல்ல பதிவு என்று பாராட்டிவிட்டு வேலையைத் தனலட்சுமிக்குக் கொடுத்தார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பொறாமை ஆறிவிட்டது. பாண்டியம்மாள்மேல் உள்ளது ஆறவில்லை. நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போய் வந்த பிறகும், அது அவளுடைய சீட்டாகவே இருந்தது.