அழுத்தம் போதுமா?

சின்னவளின் வலது கட்டைவிரல் முதலில் காலையில் மட்டும்தான் வலித்தது. வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். பதினோரு வருடமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு முதுகுகள் என்று அமுக்கிய விரல். பிறகு மதியத்திலும் வலித்தது. ஒருநாள் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அக்காவிடம் நீட்டினாள். மறுநாளே ஸ்பா முதலாளியம்மாவிடம் போய், காலியாக இருந்த மேனேஜர் நாற்காலியைக் கேட்டாள்.

"மசாஜ் வேலை வேற, மேனேஜர் வேலை வேறம்மா. மூணு மாசம் பார்ப்போம். சரிவரலேன்னா..." என்று முதலாளியம்மா நிறுத்திக்கொண்டார். பழைய வேலைக்குத் திரும்ப அவளுக்கு விரல் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மாமா கேட்டார்: "ஊரான் காலை அமுக்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" முட்டிவலி வந்த பிறகு அதே மாமா, "பாப்பா, என்னன்னு பாரேன்" என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவள் பார்த்தாள். "இது ஊரான் கால் இல்லையே மாமா" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே குறைவு. ஐந்து அறைகள். துண்டின் ஓரம் உள்ளே போகும்படி மூன்றாக மடிக்க வேண்டும். எண்ணெய்க் குப்பியை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே அறைக்கு அனுப்ப வேண்டும். மசாஜ் மேசையில் முகம் பதிக்கும் ஓட்டைக்கு, தையல்காரியான அக்காவிடம் உறை தைத்து வாங்கினாள். தையல் கன்னத்தில் உறுத்தாமல் அடிப்பக்கமாக.

ஒன்பதாவது வாரம் புகார் வந்தது. வாராவாரம் வரும் தலைமையாசிரியை ஒருவருக்குக் கையைத் தூக்க முடியவில்லை. அவருக்கு மசாஜ் செய்தவளை எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுவார்கள். ஆள்தான் ஒல்லி, பிடி இரும்பு.

"போதும் போதும்னு மூணு தடவை சொன்னேன். காதுலயே வாங்கல," என்றார் தலைமையாசிரியை போனில்.

"போதுமான்னு மூணு தடவை கேட்டேன்க்கா. போதும்னுதான் சொன்னாங்க," என்று அழுதாள் ஒல்லி.

முதலாளியம்மாவுக்கு விசாரணையெல்லாம் பிடிக்காது. "திங்கக்கிழமை அவ இங்க இருக்கக் கூடாது. அதைச் சொல்ற வாய் உனக்கு இல்லேன்னா, மேனேஜர் வேலையும் உனக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா அளவு பார்க்கக் கூப்பிட்டாள். மூன்று மாதம் முடிந்ததும் சின்னவள் போட்டுக்கொள்ள மேனேஜர் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு இனி என்று சொல்ல மனம் வராமல் சின்னவள் நின்றாள். அக்கா இடுப்புத் துணியைப் பின்னால் இழுத்துப் பிடித்தாள்.

"போதுமா?"

"போதும்."

அக்கா குண்டூசியைக் குத்தினாள்.

"ஐயோ, மூச்சு முட்டுதுக்கா! போதும்னேனே!"

"போதும்னு சொன்ன, அதான் ஊசி குத்தினேன். இப்ப என்கிட்ட கத்தினா?"

சின்னவள் மூச்சைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "அக்கா, நான் விடச் சொன்னேனா, இது சரின்னு சொன்னேனா?"

அக்கா வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "எனக்கு சரின்னுதான்டி கேட்டுச்சு."

திங்கட்கிழமை முதலாளியம்மா வந்தபோது ஒல்லி மூன்றாம் அறையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் மேசையைக் காட்டினாள். "அஞ்சு நிமிஷம் படுங்கம்மா. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

எத்தனையோ வாரம் கழித்து அன்றுதான் கட்டைவிரலை முழுதாக ஊன்றினாள். வலி மணிக்கட்டு வரை ஏறியது.

"அழுத்தம் போதுமாம்மா?"

"ம்ம், போதும்."

அதே அழுத்தம் தொடர்ந்தது.

"போதுமாம்மா?"

"போதும்மா."

சின்னவள் நிறுத்தவில்லை.

"அட, போதும்ங்கறேன்ல! கொல்லப் போறியா?"

சின்னவள் கையை எடுத்தாள். "அந்த டீச்சரம்மாவும் இப்படித்தாம்மா சொல்லியிருக்காங்க. ஒல்லிக்குச் சரின்னு கேட்டிருக்கு."

முதலாளியம்மாவின் முகம் ஓட்டைக்குள் இருந்தது. தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப வேற எப்படிக் கேக்கறதாம்?"

"கூட்டவா, குறைக்கவான்னு கேக்கணும். அதுக்கும் போதும்னு பதில் வந்தா, கையை எடுத்துட்டு மறுபடி கேக்கணும்."

முதலாளியம்மா எழுந்து தோளைத் தடவிக்கொண்டார். "அந்தம்மா திரும்பி வந்தாங்கன்னா நீங்க ரெண்டு பேரும் இருங்க. வரலேன்னா ரெண்டு பேரும் கிளம்புங்க."

சின்னவள் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். "தப்பு உங்க மேல இல்ல டீச்சர், அந்தப் பொண்ணு மேலயும் இல்ல. நாங்க கேட்ட கேள்விதான் தப்பு."

மறுமுனையில் சிரிப்பு. "அதாவது, கேள்வித்தாளே தப்புங்கறீங்க. அப்ப எனக்கு முழு மார்க் போடணுமே!"

வியாழக்கிழமை வந்தார். ஒல்லியே வரட்டும் என்றார். சின்னவள் துண்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள்.

"கூட்டவா, குறைக்கவா டீச்சர்?"

"குறைம்மா. இன்னும் கொஞ்சம்... ஆங், இப்படியே."

கையிலிருந்த துண்டுகள் கசங்கி ஓரமெல்லாம் வெளியே வந்திருந்தன. சின்னவள் அவற்றைத் திரும்ப மூன்றாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அந்தக் கோட்டைத் தைச்சு முடிச்சிடுக்கா. ஆனா இடுப்பைக் கொஞ்சம் லூசா விடு."

"எவ்வளவு லூசா? சரியாச் சொல்லு, அப்புறம் என்னைத் திட்டாத."

"கட்டைவிரல் நுழையற அளவுக்கு."