காது இல்லாத கண்

“கண்ணை மட்டும் வச்சுட்டுப் போயிட்டான் பாவி, காதை வைக்கலையே!”

குழந்தைகள் காப்பகத்தில் கேமரா மாட்டிய நாளிலிருந்து அங்கே வேலை பார்த்த ஆயாவின் தினசரிப் புலம்பல் இது. விட்டத்தைப் பார்த்து இதைச் சொன்ன பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். அம்மாக்கள் ஆபீசிலிருந்தே போனில் பிள்ளையைப் பார்க்கட்டும் என்று காப்பகத்தை நடத்தும் மேடம் ஆள் வைத்து மாட்டியது. படம் தெரியும், சத்தம் வராது.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வவ்வா. காரணம் அவளுடைய கைவைத்தியம். எந்தப் பிள்ளை வீறிட்டாலும் மடியில் போட்டு, உள்ளங்கையால் அதன் வாயை மெல்லத் தட்டித் தட்டி எடுப்பாள். அழுகை ‘வவ்வவ்வா’ என்று உடைந்து வரும். தன் சத்தத்தில் தானே திகைத்துப் பிள்ளை சிரித்துவிடும்.

ஒருநாள் சுருட்டைமுடிக் குட்டி அப்படித்தான் அழுதாள். ஆயாவும் அப்படித்தான் தட்டினாள். சாயங்காலத்துக்குள் அம்மாக்களின் போன் குரூப்பில் ஒரு துண்டு வீடியோ: அழுகிற பிள்ளை, அதன் வாயில் ஒரு கை. சிரிப்பு வருவதற்கு முன்பே யாரோ கத்தரித்திருந்தார்கள்.

மறுநாள் மேடம் வாசலிலேயே மறித்தாள்.

“உள்ள வராதீங்க ஆயா. என் கையில ஒண்ணும் இல்ல.”

“யாரு மேடம் அதை வெட்டினது?”

“யாருக்குத் தெரியும்? கேமராக்காரன் நான் இல்லங்கறான். அம்மாங்க, வந்ததை அனுப்பினோம், அவ்வளவுதாங்கறாங்க.”

“அப்ப தானா வெட்டிக்கிட்டு, தானா ஊரைச் சுத்திச்சா? கால் முளைச்ச கத்தரிக்கோலா அது?”

மேடம் போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஆயாவுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம். கேமராக்காரனா, மேடமா, தினமும் “நல்லா இருக்கீங்களா ஆயா” என்று பல்லைக் காட்டிய அம்மாக்களில் ஒருத்தியா? கடைத்தெருவில் யார் போனைத் தூக்கினாலும் கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். வேறு காப்பகங்களிலும் அவள் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த வாரம் சுருட்டைமுடிக் குட்டியின் அம்மா ஆயாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

“அங்க நாள் பூரா அழறா, ஆயா. உங்ககிட்ட விட்டுட்டுப் போகவா?”

“நீயும்தானே அனுப்பின?”

“ஒரே ஒருத்தருக்குத்தான்…”

“எல்லாரும் ஒருத்தருக்குத்தான்மா அனுப்பியிருப்பீங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, கை பிள்ளையை வாங்கிவிட்டது. மடியில் போட்டு வாயை மெல்லத் தட்டினாள். வவ்வவ்வா. பிறகு சிரிப்பு. அந்த அம்மா சட்டென்று போனை எடுத்தாள்.

“இதைச் சத்தத்தோட எடுத்து குரூப்ல போட்டுடறேன். எல்லாம் சரியாயிடும்.”

ஆயா உள்ளங்கையால் போனின் கண்ணைப் பொத்தினாள்.

“போட வேணாம். பாத்தவங்களை இங்க வரச் சொல்லு.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சைக் கதவு வீடுதான் ஆயாவுடையது. பிள்ளைகளை இப்போது அங்கேதான் பார்த்துக்கொள்கிறாள். பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும். ஒருதரம் போய்ப் பாருங்கள். அந்தத் துண்டு வீடியோவை யாருக்காவது தள்ளிவிட்டவர் என்றால் நீங்கள் முதலில் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு, காதைக் கொண்டு போங்கள்.