செவலையின் மூணாவது ஊசியும் என் பைக் பேட்டரியும்

மாட்டுக்குச் சினை ஊசி போடும் தொழிலில் மாட்டை நம்பலாம், மாட்டுக்காரரை முக்கால்வாசி நம்பலாம், பைக்கை மட்டும் நம்பவே கூடாது. பைக்கை வைத்துப் பிழைக்கிற எல்லோரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். பார்சல் கொண்டு போகிறவரே, மருந்துப் பையோடு அலைகிறவரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கணக்கு எளிமையானது. பருவத்துக்கு வந்து காலையில் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி. சாயங்காலம் கத்தியதற்கு மறுநாள் காலை. அதை விட்டால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். நான் சின்னமனூரிலிருந்து, சினை ஊசிக்கான விந்து உறைந்திருக்கும் நைட்ரஜன் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு ஏறி இறங்குகிறேன். பதினைந்து தடவை நிறுத்தி பதினைந்து தடவை ஸ்டார்ட் செய்தால் எந்தப் பேட்டரி தாங்கும்? புதிதாக மாற்றியதும் எட்டே மாதத்தில் மூச்சை விட்டது. என் பைக்குக்குக் கிக்கரும் கிடையாது.

வராத டாக்டர்

பொட்டிப்புரம் ஈஸ்வரிக்கு இருப்பது ஒரே மாடு, செவலை. வீட்டுக்காரர் கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், மாதம் ஒரு தடவை வருவார். வீடு ஓடுவது செவலையின் பாலில்தான். அன்று காலையில் செவலை கத்தியது. நான் தேவாரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினால் பைக் ‘டிக் டிக்’ என்கிறது. நாலு பேர் தள்ளினார்கள். பேட்டரி சுத்தமாகச் செத்துப்போனால் இந்தக் காலத்து பைக்கைத் தள்ளியும் பிரயோஜனமில்லை, பெட்ரோலே மேலே ஏறாது.

மறுநாள் உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தேன். செவலை ஒன்றுமே நடக்காதது மாதிரி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு நப்பாசையில் ஊசியைப் போட்டேன். கயிற்றைப் பிடித்திருந்த ஈஸ்வரி சொன்னாள்: “செவல நேரத்துக்கு நின்னுச்சு, டாக்டரண்ணே. வரவேண்டியவுகதேன் வரல.”

முள்ளும் திருவிழாவும்

நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன், யாரும் கேட்பதில்லை. அந்த ஊசிக்குச் சினை நிற்கவில்லை. இருபத்தொரு நாள் கழித்துச் செவலை மறுபடி கத்தியது. இந்தத் தடவை பைக் ஒழுங்காகக் கிளம்பியது, பாதி வழியில் கருவேல முள் ஏறிவிட்டது. ட்யூப்லெஸ் டயர் என்பதால் முள்ளைப் பிடுங்காமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டே போனால் ஊர் போய்ச் சேரலாம். அடிக்க வேண்டுமே! என்னிடமிருந்த கால் பம்பின் ரப்பர் குழாய் வெடித்துக் கிடந்தது. வீரபாண்டித் திருவிழா நேரம் வேறு. பஞ்சர் கடைக்காரர் உட்பட எல்லோரும் தீச்சட்டி எடுக்கப் போயிருந்தார்கள்.

மறுபடியும் மறுநாள், மறுபடியும் அசைபோடும் செவலை, மறுபடியும் நப்பாசையில் ஓர் ஊசி. ஈஸ்வரி திட்டியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகச் சொன்னாள்: “இன்னொருக்கா பாப்போம்ணே. அதுக்கும் நிக்கலையின்னா யாவாரிய வரச் சொல்லிருக்கேன். பாலு இல்லாத மாட்டுக்குத் தீவனம் போட என்னால முடியாது.”

பெண் பார்த்த கடை

வியாபாரி என்றால் லாரி. லாரி மலையேறினால் கேரளாவில் அடிமாடுதான் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது. வெட்கமாக இருந்தது. இருபத்தொரு நாளுக்குள் பேட்டரிக்கும் காற்றுக்கும் ஒரு வழி செய்யாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

செத்த பேட்டரியை உசுப்பிவிடும் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தேடித் தேனியில் நாலு கடை ஏறினேன். எல்லோரும் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆம்பியரைத்தான் காட்டினார்கள். “லாரியே ஸ்டார்ட் ஆகும்ணே” என்றார் ஒருவர். என்னிடம் லாரி இல்லை. என்னிடம் இருப்பது சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலச் சந்துக்குள் ஒளிந்திருக்கும் பேட்டரி. நாலாவது கடை வாசலிலேயே சீட்டைக் கழற்றி, “மாட்டிக் காட்டுங்க” என்றேன். கார் பேட்டரிக்குச் செய்த கிளிப், முதலை வாய் மாதிரி இருந்தது. சிவப்பு கிளிப் பக்கத்துக் கம்பியில் உரசித் தீப்பொறி பறந்ததும் கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

சின்ன கிளிப் வைத்த ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். நான் விடவில்லை. பேட்டரி முழுசாகச் செத்திருந்தாலும் இழுக்குமா? பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? ஒரு மாதம் சும்மா கிடந்தால் சார்ஜ் நிற்குமா? காற்று சொன்ன அளவு வந்ததும் தானாக நிற்குமா? கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அண்ணே, எந்தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தவுகளே இம்புட்டுக் கேள்வி கேக்கல.”

ஊருக்கெல்லாம் காற்று

இத்தனை கேட்டும் ஒன்றைக் கேட்காமல் விட்டேன். ஜம்ப் ஸ்டார்ட்டரும் ஏர் பம்பும் ஒரே பெட்டிக்குள் இருந்ததை வாங்கினேன். கேன் போக பைக்கில் இடமில்லை, ஒன்றாகவே இருக்கட்டும் என்ற நினைப்பு. நான் போகிற வீட்டிலெல்லாம் மாட்டைப் பிறகு பார்க்கலாம் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

மார்க்கையன்கோட்டையில் மொக்கச்சாமி அண்ணன் தன் டயர் வண்டிக்குக் காற்றுக் கேட்டார். மாட்டு வண்டிதான், சக்கரம் மட்டும் கார் டயர். இரண்டு டயரும் நிறைவதற்குள் பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டது. கிளம்பலாம் என்று பட்டனை அழுத்தினால் பைக்கில் அதே ‘டிக் டிக்’. பெட்டியைத் திறந்து மாட்டினால் அதில் பொட்டுச் சார்ஜ் இல்லை. காற்றடித்த பம்பு, ஸ்டார்ட்டரின் சோற்றையும் சேர்த்துத் தின்றிருந்தது. கடைசியில் மொக்கச்சாமி அண்ணன் வண்டியிலேயே பைக்கை ஏற்றி, கேனை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தார்: “கவலப்படாதீக தம்பி, காத்து நீங்க அடிச்சதுதான? வண்டி நல்லா ஓடும்.”

சரியான நேரம்

அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டையும் தனித்தனியாக வாங்கினேன். பம்பு வேறு, ஸ்டார்ட்டர் வேறு. வெயில் படாமல் தோள்பையில் வைத்தேன். பம்பை யார் கேட்டாலும் கொடுப்பேன், ஸ்டார்ட்டரை எந்தக் கொம்பனுக்கும் தர மாட்டேன் என்று சபதம் எடுத்தேன்.

இரண்டாவது ஊசி போட்ட இருபதாம் நாள் காலை ஆறு மணிக்கு ஈஸ்வரியின் போன். “நேத்துச் சாயங்காலமே கத்திருச்சுண்ணே. வெரசா வாங்க!” அப்படியென்றால் இந்தக் காலைதான் நேரம். ஓடிப்போய் பட்டனை அழுத்தினேன். செத்துக் கிடந்தது. சீட்டைக் கழற்றி, சிவப்பு, கறுப்பு என்று மாட்டினேன். பேட்டரி அடியோடு காலி என்பதால் ஸ்டார்ட்டர் முதலில் கண்டுகொள்ளவில்லை. கடைக்காரர் சொல்லிக் கொடுத்த அவசர பட்டனை அழுத்திப் பிடித்ததும் பைக் ஒரே உறுமல். வழியில் பின் டயர் தளர்ந்தது. இறங்கினேன், அளவை வைத்தேன், அடித்தேன், தானாக நின்றது, ஏறினேன். ஏழரைக்கெல்லாம் பொட்டிப்புரத்தில் இருந்தேன். வாழ்நாளில் அப்படியொரு கர்வம் எனக்கு வந்ததில்லை.

கையுறையை மாட்டிப் பார்த்தால் செவலை இன்னும் பக்குவத்துக்கு வரவில்லை. “ஏத்தா, நெசமாவே நேத்துச் சாயங்காலந்தேன் கத்துச்சா?” என்றேன். ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். “விடியக்காலந்தேன் கத்துச்சு. நீங்க எப்பயும் அரை நாளு பிந்தித்தான வருவீக? அதேன் அரை நாளு முந்திச் சொன்னேன்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவளுக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. இப்போது போட்டுவிட்டுப் போனால் மூன்றாவது ஊசியும் வீண். போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கேனை இறக்கி வைத்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். வந்த அழைப்பையெல்லாம் கம்பத்திலிருக்கும் இன்னொரு ஊசிக்காரருக்குத் திருப்பினேன். ஈஸ்வரி மதியம் சோறு போட்டாள், இடையிடையே நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தாள். நாலரைக்கு ஊசி போட்டேன்.

இருபத்தொரு நாள் கழிந்தது, போன் வரவில்லை. மூன்று மாதம் கழித்துப் போய்க் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சினை. சொன்னதும் ஈஸ்வரி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், எனக்கும் கண் கலங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “யாவாரிய வர வேணாம்னுட்டேன். இனிமே உங்ககிட்ட நெச நேரத்தையே சொல்லுறேண்ணே, செவல மேல சத்தியம்!”

நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவி தேனிக் கடைகளில் தேடினால் கிடைக்கும். சொன்ன நேரம் உண்மையா என்று காட்டும் கருவிதான் இன்னும் எந்தக் கடைக்கும் வந்து இறங்கவில்லை.