அத்தானின் க்யூஆரும் ஊறிய விரலும்

நனைந்த துண்டு, மசாஜ் எண்ணெய், நடுவில் என் ரம்புட்டான் கூடை... அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

ரெண்டு சீசனுக்கு முன்னால் குற்றாலம் ஐந்தருவிப் பாதையில் பழம் விற்றேன். பதினெட்டு முடியக் கொஞ்ச நாள் பாக்கி. பழம் என்னுடையது, கத்துகிற தொண்டை என்னுடையது. என் பேரில் கணக்கு இல்லாததால், பணம் வாங்கத் தொங்கிய க்யூஆர் மட்டும் அக்கா வீட்டுக்காரருடையது.

யார் பணம் போட்டாலும் குத்துக்கல்வலசையில் இருக்கும் அத்தானுக்கு மெசேஜ் போகும். சாயங்காலம் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார். தங்கமான மனுஷன்... மெசேஜ் நிற்கிற வரைக்கும்.

"ஏலே, அரை மணி நேரமா ஒண்ணையும் காணோம். கடையில நிக்கியா, குளிக்கியா?"

அருவியில் தண்ணீர் விழும், அத்தான் போனில் பணம் விழும், எனக்குத் திட்டு விழும். இத்தனை பக்கத்தில் அருவி... தலையை நனைக்க வழியில்லை!

பதினெட்டு முடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. சொந்தமாகக் கணக்குத் தொடங்க அன்றைக்கே பேங்குக்குக் கிளம்பினேன். அடுத்த ரெண்டு நாளும் பேங்க் லீவு. குற்றாலத்தில் கூட்டம் அள்ளுவதும் அந்த ரெண்டு நாள்தான்.

"நல்ல காரியத்துக்குப் போற, குளிச்சிட்டுப் போலே" என்றாள் அம்மா.

கடைக்கு லீவு விட்டு அருவிக்குள் நுழைந்தவன், மனசே இல்லாமல் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். நேராகத் தென்காசி பஸ்.

பேங்கில் மேடம் கைரேகை மிஷினை நீட்டினார். விரலை வைத்தேன். சிவப்பு. அடுத்த விரல்... சிவப்பு. பத்தும் அவித்த கடலை மாதிரிச் சுருங்கிக் கிடந்தன!

"அருவியில இருந்து நேரா வாரியோ?"

"ஆமா மேடம்... போட்டோவுக்குப் பளிச்சுன்னு இருக்கட்டும்னு..."

"மூஞ்சி பளிச்சுன்னுதான் இருக்கு. ரேகையத்தான் காணோம். திங்கக்கிழமை வா."

"திங்கக்கிழமைன்னா கூட்டம் போயிரும் மேடம். எங்க அத்தான் போக மாட்டாரு!"

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. முழுக் கதையையும் கேட்ட மேடம், அப்போதுதான் வந்த தன் டீயை என் பக்கம் தள்ளினார்.

"குடிக்காத. ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு இரு."

சூடு ஏற ஏறச் சுருக்கம் இறங்கியது. மறுபடி விரலை வைத்தேன்...

பச்சை!

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். கணக்கு, என் பேரில்!

மறுநாள் காலை அத்தானின் க்யூஆர் மேலேயே என்னுடையதை ஒட்டினேன். முதலில் ஸ்கேன் பண்ணியவர் நிமிர்ந்து பார்த்தார். "முத்துக்குமார்தான தம்பி?"

"நானேதான் சார்!"

அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும். அன்று மத்தியானம் கூடையைத் துண்டால் மூடிவிட்டு அருவிக்குள் போனேன். ஒரு போனும் வரவில்லை.

இப்போது நான் காலேஜ். வார நாட்களில் அத்தான்தான் என் கடையில் நிற்கிறார். அன்றைக்கு அருவி பக்கத்தில் இருந்தது, மெசேஜ் எங்கேயோ போனது. இன்றைக்கு மெசேஜ் என் பாக்கெட்டில்... அருவிதான் எங்கேயோ.

நேற்று திடீரென்று மெசேஜ் நின்றது. கிளாஸை விட்டு வெளியே வந்து போன் போட்டேன்.

"அத்தான், அரை மணி நேரமா ஒண்ணையும் காணோம். கடையில நிக்கியளா, குளிக்கியளா?"

"என்னலே சொல்லுத? ஒண்ணும் கேக்கல... இங்கன ஒரே தண்ணிச் சத்தம்!"